அம்மாவின் நடிப்பு

மறுநாள் கல்லூரியில் மனநல முதலுதவிப் பயிற்சியின் தேர்வு. தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில் சுதர்ஷினி தாளைப் பார்த்துச் சத்தமாகக் கேள்வி கேட்க, ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி அம்மா நோயாளியாக நடித்தாள்.

“ராத்திரி தூக்கம் வருதாங்க?”

“நாள் பூரா கொழுந்து பறிச்சா வராம என்ன?”

“கவலையா பேசுங்கம்மா!”

“சரி, கேளுடி.”

“செத்துப் போயிரலாம்னு எப்பயாச்சும் தோணுதா?”

சுதர்ஷினி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உடைந்த குரலில் பதில் வந்தது, “தெனமும் தோணுது.”

“இப்பதாம்மா சரியா நடிக்கிறீங்க!” சுதர்ஷினி சிரித்தபடி நிமிர்ந்தாள்.

அம்மாவின் கை மாவிலேயே நின்றிருந்தது. “நான் வாயே தொறக்கலடி.”

இருவரும் கூரையைத் தொடாத இடைச்சுவரைப் பார்த்தார்கள். காலையில்கூட அம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டு வேலைக்குப் போன சண்முகவடிவின் வீடு அந்தப் பக்கம்.

“ஏன் புள்ள நிறுத்திட்ட?” என்றது அதே குரல். “அடுத்ததையும் கேளு.”