வயலட் சொல்லச் சொல்ல வெட்டியது

"கம்புல உள்ள கண்ணுக்கு மேல வெட்டும். சரிச்சு வெட்டும்" என்றாள் என் பெண்டாட்டி வயலட், ஷார்ஜாவிலிருந்து.

நான் அதியன்னூரில், கத்திரியும் கையுமாக ஒரு ரோஜாச் செடியின் முன் குனிந்து நின்றிருந்தேன்.

செடி எங்களுடையது அல்ல. பக்கத்து வீட்டு சுகிர்தபாயுடையது. வீடியோ காலில் தன் முகம் தெரியாதபடி, என்னையும் செடியையும் மட்டும் காட்டிக்கொண்டு போனைப் பிடித்திருந்ததும் அவள்தான்.

எங்கள் செடி செத்து இரண்டு வருஷமாகிறது. அது வயலட்டுக்குத் தெரியாது.

செத்தது சாதாரணச் செடியும் இல்லை. பூத்தால் வாசம் அமரவிளை வரை போகும். பழைய செக்போஸ்ட் பக்கம் லாரிக்காரர்கள் யாரும் கை காட்டாமலே வண்டியை நிறுத்தி, இறங்கி மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் கண்ணால் கண்டது.

மகள் டீனாவின் பிரசவத்துக்காக விமானம் ஏறியபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். ஐப்பசியில் பெய்கிற துலாம் மழை விட்டதும் கம்புகளை வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் கிறிஸ்துமஸுக்குப் பூக்கும்.

வெட்டினேன். வெட்டியதோடு விட்டிருக்கலாம். ரப்பர் வெட்டிப் பழகிய கை. மழைக்காலத்தில் ரப்பர் மரத்தில் மழை மறைக்கும் பிளாஸ்டிக் ஒட்ட உருக்குகிற தாரை, தண்ணீர் இறங்கக் கூடாதே என்று, ஒவ்வொரு வெட்டிலும் சுடச்சுடத் தேய்த்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு அது கரிக்குச்சியாக நின்றது. அந்த வருஷமும் போன வருஷமும் சுகிர்தபாயின் பூவைக் காட்டித் தப்பினேன்.

நெய்யாற்றில் ஒரு மீன் என்னைத் தூண்டிலோடு இழுத்துப் போய், எடை போதாதென்று திரும்பக் கரையில் விட்ட கதையை அரைப் பஞ்சாயத்து நம்புகிறது. ஆனால் செடி செத்துப்போனது என்கிற நிஜத்தை வயலட்டிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. டீனாவுக்கு இரண்டாவதும் பிறந்துவிட்டது. வயலட் எப்போது ஊருக்கு வருவாள் என்று அவளுக்கே தெரியாது. பேரப்பிள்ளையைக் காட்டுவதற்கு முன்னால் செடியைக் காட்டச் சொல்கிறாள்.

இந்த வருஷம், வெட்டுவதையே பார்க்க வேண்டும் என்றுவிட்டாள்.

"ரெண்டு கம்பு மட்டுமாக்கும்" என்று சொல்லித்தான் சுகிர்தபாய் சம்மதித்திருந்தாள். சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு வைக்க அவள் வளர்த்த மொட்டுகள் அதில் நிறைய இருந்தன.

"அந்த மொட்டுள்ள கம்பையும் எடும்" என்றாள் வயலட்.

கத்திரி நின்றது. போனுக்கு மேலே சுகிர்தபாயின் தலை, வேண்டாம் வேண்டாம் என்று ஆடியது. வாயைத் திறந்தால் குரல் கேட்டுவிடுமே.

"மொட்டு கெடக்குதே" என்றேன்.

"மொட்டப் பாத்து மனசெளகினா செடி நிக்காது. வெட்டும்."

வெட்டினேன்.

"இன்னுங்கொஞ்சம் கீழ. நடுவுல உள்ளதையும் எடும், காத்து உள்ள கேறட்டு."

வெட்டினேன். சுகிர்தபாயின் கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து நின்றது. துடைக்க அவளுக்குக் கையில்லை. நிறுத்த எனக்கு வழியில்லை.

கடைசியில் முழங்கால் உயரத்துக்குச் சில குச்சிகள் மிஞ்சின. மொட்டெல்லாம் என் செருப்பைச் சுற்றிக் கிடந்தன.

அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்கத் தொடங்கியது.

"சுகிர்தா, கை கடுக்கும். இனி போனை எறக்கு மக்கா" என்றாள் வயலட்.

சுகிர்தபாய் இறக்கவில்லை.

பிள்ளை வீரிட்டது. வயலட் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, போனை அணைக்க விரலை நீட்டியபடி என்னைப் பார்த்தாள்.

"இஞ்ச பாரும், இதுலயாவது தாரு தேய்க்காண்டாம், கேட்டீரா?"