சுவர் பக்கம் திருப்பிய மீட்டர்

கொடைக்கானல் ஏரிக்கரைப் படகுக் கொட்டகைக்குள் காலை மேகம் புகுந்து நிற்கிறது. பழுதுபார்த்த ரெகுலேட்டரை, நீருக்கடியில் மூச்சுவிட உதவும் அந்தக் கருவியை, காற்று சிலிண்டரில் பூட்டிவிட்டு, மீட்புக் குழுவின் முக்குளிப்பாளர் ராஜ்மோகன் பிரஷர் மீட்டரை முகத்துக்கு நேரே பிடித்தபடி வால்வைத் திருகப் போகிறார். குழுவின் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஸைமா அவர் கையைத் தட்டிவிடுகிறாள்.

"மீட்டர மொகத்துக்கு நேரா வைக்காதீங்கன்னு எத்தன தடவண்ணே சொல்றது?"

"விடும்மா. நேத்து அணையில மூழ்கிப்போனவனோட அப்பா அங்கயே காத்துக் கெடக்காரு. இத்தன வருசமா இப்பிடித்தான் தெறக்குறேன், என்ன ஆச்சு?" அவர் குரலும் உயர்கிறது.

ஸைமா சிலிண்டரைத் தன் பக்கம் இழுக்கிறாள். மீட்டரின் கண்ணாடியைப் பலகைச் சுவர் பக்கம் திருப்பிவைத்து, தானும் ஒதுங்கி நின்று, வால்வை மெல்ல மெல்லத் திறக்கிறாள். காற்று சீறிக்கொண்டு ஏறுகிறது. படாரென்று ஒரு சத்தம். கூரையில் இருந்த புறாக்கள் சிதறிப் பறக்கின்றன. அவள் வால்வை மூடுகிறாள். மீட்டரில் கண்ணாடி இல்லை. அதன் சில்லுகள் ஈரப் பலகையில் குத்தி நிற்கின்றன. ராஜ்மோகனின் கை அவரை அறியாமல் இமையைத் தொடுகிறது. ஸைமாவின் கோபம் அடங்கவில்லை.

"மிச்ச நாலு செட்டையும் பாத்துட்டுத்தான் ஜீப்பு கெளம்பும். அந்த அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றபடி அடுத்த ரெகுலேட்டரை எடுக்கிறாள்.

ராஜ்மோகன் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.