ஊரும் வருஷமும்

“ஒரு ஆயுசுல பதினோரு வேலையா? நம்பற மாதிரி சொல்லுங்க சங்கண்ணா!”

ருத்ரப்பா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வயிறு மட்டும் தனியாக எரிந்துகொண்டிருந்தது.

எரியாதா பின்னே? கர்நாடகத்துக் கதக் ஊரில், அவர் தெருக் கோவில் தேர்த் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு உழைப்பாளியைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துவார்கள். முப்பத்து நான்கு வருஷம் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்து, ஒரு நாள்கூட லீவு போடாமல் போன வருஷம் ஓய்வு பெற்றவர் அவர். இந்தத் தடவை சால்வை தனக்குத்தான் என்று நினைத்திருந்தார். கமிட்டியோ சங்கண்ணாவைத் தேர்ந்தெடுத்துவிட்டது. தெருவுக்குக் குடிவந்து முழுசாக ஆறு மாதம் ஆகாத சங்கண்ணாவை! போதாததற்கு, “உங்க கையெழுத்து அச்சுல வார்த்த மாதிரி இருக்குமே” என்று சொல்லி, சங்கண்ணாவுக்கான வாழ்த்து மடலை எழுதும் வேலையையும் ருத்ரப்பா தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

மடலுக்கு விவரம் சொல்வதற்காகச் சங்கண்ணா இன்றுதான் முதல்முறையாக ருத்ரப்பாவின் வீட்டுக்கு வந்திருந்தார்.

“பொய் சொல்லி எனக்கு என்ன சார் ஆகப்போகுது? பால் ஊத்தினேன். வளையல் வித்தேன். தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் சுமந்தேன். கேபிள் டிவிக்கு வசூல் பண்ணினேன்...”

ருத்ரப்பாவின் மனைவி நீலவ்வா இரண்டு தட்டுகளில் கிர்மிட் பொரி கொண்டுவந்தாள். வெங்காயம் தூவிய பொரியைக் கணவர் முன்னாலும், வெங்காயம் போடாததைச் சங்கண்ணா முன்னாலும் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

“வளையலா? பொம்பளைங்க கையைப் பிடிச்சு மாட்டிவிடறதெல்லாம் ஒரு வேலையா?” என்றார் ருத்ரப்பா.

“அதுதான் சார் இருக்கறதுலயே கஷ்டம். கோபமா இருக்கற கையில வளையல் ஏறவே ஏறாது, பட்டுபட்டுன்னு உடையும். ஏதாவது பேசிச் சிரிக்க வைக்கணும். அப்பதான் கை இளகும்.”

கதவோரத்திலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு.

ருத்ரப்பா பொரித் தட்டைத் தள்ளி வைத்தார். அவரும்தான் முப்பத்து நான்கு வருஷமாக ஆபீஸ் கதை சொன்னார். ஒரு தடவையாவது இப்படிச் சிரித்திருப்பாளா? கொட்டாவி விடுவாள். இல்லாவிட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போவாள். சால்வைதான் போயிற்று என்றால், கட்டின பெண்டாட்டியும் இவனுடைய கதைக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள்.

“எதுலயும் நிலைச்சு நிக்கலை போலிருக்கே?” என்று குத்தினார்.

“மூணு வருஷம் ஆனா கால் பரபரங்கும் சார். மூட்டையைக் கட்டிடுவேன்.”

“நான் அப்படி இல்ல. ஒரே உத்தியோகம். மழையோ காய்ச்சலோ, காலைல ஒன்பது மணிக்குக் கிளம்பினா ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு.”

“தெரியும் சார்” என்றார் சங்கண்ணா. பிறகு அவசரமாக, “தெருவுல எல்லாரும் சொல்லுவாங்களே!” என்று சேர்த்துக்கொண்டார்.

“சரி, ஒவ்வொரு வேலைக்கும் ஊரும் வருஷமும் சொல்லுங்க.”

சங்கண்ணாவின் முகம் சட்டென்று மாறியது.

“ஊரெல்லாம் எதுக்கு சார்? வேலையை மட்டும் போடுங்களேன்.”

“ஊரும் வருஷமும் இல்லாம நான் ஒரு காகிதமும் எழுதினதில்லை.”

“விடுங்களேன், அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?” என்றாள் நீலவ்வா.

“நீ சும்மா இரு!” ருத்ரப்பாவுக்கு உள்ளுக்குள் குஷி பிறந்துவிட்டது. ஆசாமி அளக்கிறான். இன்றைக்கு மாட்டினான்! காகிதத்தையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினார். “நீங்களே உங்க கையால எழுதிக் கொடுங்க.”

சங்கண்ணா தலை நிமிராமல் எழுதினார். எழுதி முடித்ததும் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். நீலவ்வாவும் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வாசல் கதவு சாத்தியதுதான் தாமதம், ருத்ரப்பா காகிதத்தைப் பிடுங்காத குறையாக எடுத்தார். முதல் வரி: ‘பால் வியாபாரம், சிர்சி, 1989’.

“சிர்சியா? அங்கே நானும்தானே வேலை பார்த்தேன்! இந்த மூஞ்சியை ஒரு நாளும் பார்த்ததில்லையே! புளுகுமூட்டை!”

வருஷத்தையும் சரிபார்த்து, ஆதாரத்தோடு கமிட்டி முன்னால் போட்டு உடைக்க வேண்டும். பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கி, மூன்று வருஷத்துக்கு ஒன்றாகத் தனக்கு வந்த நியமன, மாற்றல் உத்தரவுகளை எடுத்தார். முதல் உத்தரவு: சிர்சி, 1989.

சரி, வருஷம் தப்பவில்லை. அடுத்ததில் பிடித்துவிடலாம். சங்கண்ணா, வளையல் வியாபாரம், பீதர், 1992. உத்தரவு, பீதர், 1992.

தையல் மெஷின், கார்வார், 1995. உத்தரவு, கார்வார், 1995.

விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பதினோரு வேலை, பதினோரு உத்தரவு. ஒரு ஊர் தப்பவில்லை, ஒரு வருஷம் தப்பவில்லை. அத்தனையும் பகல் நேரத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை.

சமையலறையில் பாத்திரத்தோடு சேர்ந்து நீலவ்வாவின் கண்ணாடி வளையல்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

“நீலா...” ருத்ரப்பா சமையலறை வாசலில் போய் நின்றார். “அந்த ஆள் இன்னிக்குத்தானே முதல் தடவையா நம்ம வீட்டுக்கு வந்தார்? அவருக்கு வெங்காயம் ஆகாதுன்னு உனக்கு யார் சொன்னா?”

வளையல் சத்தம் நின்றது.