ஏழு நிமிட நடை

“ரயிலடியிலேர்ந்து ஏழு நிமிஷ நடைன்னு விளம்பரத்துல போட்டிருக்கீங்க. எனக்கு இருபத்திரண்டு ஆச்சும்மா,” என்றார் எழுபத்தெட்டு வயது குவபாரா.

வீட்டுத் தரகு அலுவலகத்தில் இருந்த ஹிரோசே சிரித்தாள். “எண்பது மீட்டர்னா ஒரு நிமிஷம்னு சட்டமே இருக்கு, ஐயா.”

“அந்தச் சட்டம் என் முழங்காலுக்குத் தெரியலையே!”

“வாங்க, சேர்ந்தே நடந்து பார்த்துடலாம்.”

“செருப்புதான் தேயும், ஹிரோசே,” என்று முணுமுணுத்தார் மேலாளர். “நாலு நாளா அதே வீட்டைப் பார்க்கிறவர் வாங்கவே மாட்டார்.”

அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“வீட்டோட அளவு முப்பது ட்சுபோன்னு போட்டிருக்கே, அது எவ்வளவும்மா?” என்று வழியில் கேட்டார் குவபாரா.

“ஒரு ட்சுபோவுல ரெண்டு பாய் விரிக்கலாம். அப்போ மொத்தம் அறுபது பாய், ஐயா.”

“அம்மாடி! ஒத்த ஆளுக்கு ஒரு பாய் போதுமே.”

விற்பனைப் பலகை மாட்டிய வீடு வந்தது. குவபாரா அதைத் தாண்டிப் போய், அடுத்த வீட்டுக் கதவைத் தம் சாவியால் திறந்தார். ஹிரோசே வியக்கவில்லை. அது அவர் வீடென்று முதல் நாளே அவளுக்குத் தெரியும்.

“நாளைக்குப் புதன்கிழமை,” என்றார் அவர், தலை குனிந்தபடி. “தரகு ஆபீஸுக்கெல்லாம் லீவு.”

“ஆபீஸுக்குத்தானே லீவு, ஐயா? பத்து மணிக்கு நான் வரேன்.”