கால் காப்பீடு

ஒரு சாரைப்பாம்பு நரியின் கம்பெனியில் கிரெடிட் கார்டு வாங்கியிருந்தது. கார்டோடு ஒரு காப்பீட்டையும் அதன் தலையில் கட்டிவிட்டார்கள். கால் உடைந்து வேலைக்குப் போக முடியாவிட்டால் கார்டு பாக்கியைக் கம்பெனியே கட்டிவிடுமாம். அதற்கு மாதம் நூறு ரூபாய்.

மாதம் பிறந்தால் கம்பெனி மைனா வந்து, எட்டாத கிளையாகப் பார்த்து உட்காரும். "கால் எப்படி இருக்குங்க?" என்று விசாரிக்கும்.

"நல்லா இருக்கும்மா" என்று சொல்லிப் பாம்பு பணம் கட்டும்.

ஒருநாள் அந்த வழியாகப் போன ஆமை ரசீதைப் பார்த்துவிட்டது. "உனக்குத்தான் காலே இல்லையேப்பா! நல்லா ஏமாத்தியிருக்கானுங்க" என்று கொதித்து, புகாரையும் அதுவே எழுதிக் கொடுத்தது.

கட்டிய பணம் வட்டியோடு திரும்பி வந்தது. மன்னிப்புக் கடிதமும் வந்தது. "பார்த்தியா!" என்று சொல்லிவிட்டு ஆமை தன் வழியே போனது.

அடுத்த மாதம் பிறந்தது. கிளை காலியாகவே இருந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். பாம்புப் புற்றுப் பக்கம் வேறு யார் வருவார்கள்?

மூன்றாம் மாதம் பாம்பே கம்பெனிக்கு ஊர்ந்து போனது. கவுண்டரில் தலையை நீட்டி மெல்லக் கேட்டது:

"கொம்புக்கு ஏதாவது காப்பீடு இருக்குங்களா? மாசாமாசம் வந்து விசாரிக்கிற மாதிரி?"