தொட்டியில் இருக்கும் காற்று

மலாயாவின் காம்பார் ஈயச் சுரங்கத்தில் காற்றை அழுத்தித் தொட்டியில் நிரப்பும் கம்பிரசர் எஞ்சினை ஓட்டிய சடையனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு எஞ்சினையும் கழற்றிக்கொண்டு போனார்கள். காற்றுத்தொட்டி மட்டும் கிடந்தது. புருஷன் செய்தபடியே வீராயி தினமும் காலையில் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வடித்தாள். கூடவே காற்றும் சீறி வெளியேறும். மறுநாள் பார்த்தால், எஞ்சின் இல்லாமலேயே அழுத்தமானியின் முள் பழைய இடத்துக்கே ஏறியிருக்கும். அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று எண்ணிக்கொள்வாள்.

சயாமிலிருந்து தப்பி வந்த கருப்பணன் சொன்னான்: “அண்ணே போன மழையிலேயே காலராவுல போயிட்டாரு அக்கா. நாந்தான் மண்ணு தள்ளுனேன்.”

மறுநாளும் அவள் குழாயைத் திறந்தாள். காற்று அவர் மூச்சைப் போல உள்ளங்கையில் வெதுவெதுப்பாகப் பட்டது. முள் இறங்கத் தொடங்கியது. பதறிப்போய் இறுக மூடினாள்.

“மிச்சமாவது உள்ளேயே இருங்க.”

தாலிக்கயிற்றைக் கழற்றி, யாரும் திறக்காதபடி குழாயின் பிடியைச் சுற்றிக் கட்டினாள்.