ஏழாவது வார்டின் கதை

கோவில்பதாகையில் ஏழாவது வார்டு கவுன்சிலர் பதவிக்கு இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் தோற்றவர் வேம்புலி. இரண்டு முறையும் அவரைக் கவிழ்த்தது குளக்கரைத் தெருதான்.

ஊர் மாநகராட்சியானதும் மூன்றாம் முறையாக அதே ஏழில் நின்றார். இந்தத் தடவை வேறெங்கும் போகவில்லை. குளக்கரைத் தெருவிலேயே கிடந்தார். கைக்காசைப் போட்டுக் கால்வாயைத் தூர் வாரினார். தெருக்குழாய் போட்டார். அந்தத் தெரு நாகவல்லியின் பேத்திக்குக் காதுகுத்துப் பந்தலும் அவர் செலவுதான்.

வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுத்தார்கள்.

வாக்குப்பதிவு அன்று மதியம்வரை அந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூடச் சாவடிக்கு வரவில்லை. வேம்புலி பதறிக்கொண்டு ஓடினார்.

“இன்னாக்கா, ஓட்டு போட வரல?”

“காலைலயே போட்டாச்சு நைனா, எட்டாவது வார்டுல. மாநகராட்சி ஆனப்பவே வார்டெல்லாம் மாத்திப் போட்டு எங்க தெருவ அங்க சேத்துட்டாங்களே, தெரியாதா?” என்றாள் நாகவல்லி.

“அத முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நீ குழா போட்டுகினு இருந்தே. நல்லா வேலை செய்யற ஆள நடுவுல நிறுத்தலாமா?”

வேம்புலி வாக்கு எண்ணிக்கைக்கே போகவில்லை. போர்வைக்குள் கிடந்தவரை அவருடைய ஏஜென்ட் சுலைமான் வந்து உலுக்கினார்.

“எழுந்திரு அண்ணாத்தே, நீ ஜெயிச்சுட்டே!”

நம்ப முடியாமல், கழுத்தில் மாலையோடு புதிய ஏழாவது வார்டுக்குப் போனார். ஒரு முகமும் தெரிந்ததாக இல்லை. முதல் வீட்டு வாசலில் நின்ற பார்வதம் சிரித்தாள்.

“மத்தவங்க ஜெயிச்சப்புறம்தான் இந்தப் பக்கம் வர மாட்டாங்க. நீ ஒருத்தன்தான் ஓட்டு கேக்கவே வரல. ஏமாத்தாத ஆளுன்னு குத்திட்டோம்!”